புல்வெட்டி வாங்கும் முன் தை மாதத்தை நினையுங்கள்

ஐப்பசி மழை இரண்டு பிடித்தால் போதும், திருப்பத்தூர் மாவட்டத்தில் தரை கண்ணுக்குத் தெரியாது. நாட்றம்பள்ளிப் பக்கத்து மாந்தோப்புகளில் கோரையும் அருகும் முழங்காலைத் தொடும். பள்ளி மைதானங்களின் ஓரமெல்லாம் பார்த்தீனியம் வெள்ளைப் பூவோடு நிற்கும். ஏலகிரி மலையில் புல்தரை வைத்திருக்கும் விடுதிகளுக்கோ வாரம் ஒருமுறை வெட்டியே ஆகவேண்டிய கட்டாயம். கருக்கரிவாளோடு வந்து வரப்பு செதுக்கிக் கொடுக்க ஆள் கிடைப்பதும் அருகிவிட்டது. எனவே புல் வெட்டும் மிஷினை விசாரித்துக் கடைக்கு வருகிறவர்கள் இந்த மாதங்களில் அதிகம். அவர்களிடம் இருப்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: பெட்ரோல் வாங்குவதா, கரண்டில் ஓடுவதா? கடைக்காரர் ‘எவ்வளவு இடம்?’ என்று திருப்பிக் கேட்பார். சென்ட் கணக்கைச் சொன்னதும், இத்தனை சிசி, இத்தனை வாட் என்று பேச்சு சக்தியின் பக்கம் போய்விடும். புல் அதிகபட்ச உயரத்தில் நிற்கும் நாளில் வாங்கப்படும் இயந்திரம் அது. அந்த ஒரு நாளின் தேவையை வைத்தே அது தேர்ந்தெடுக்கப்படுகிறது. தவறு அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வீட்டைச் சுற்றி இருபது சென்ட் இடம், நாலு தென்னை, கொஞ்சம் புல்தரை என்று வைத்துக்கொள்வோம். ஆடி தொடங்கி மார்கழி வரை ஆறு மாதம், மாதம் இரண்டு முறை, முறைக்கு இரண்டு மணி நேரம் ஓட்டினால் ஆண்டுக்கு மொத்தம் 24 மணி நேரம். ஓர் ஆண்டில் 8,760 மணி நேரம் இருக்கிறது. மீதி நேரமெல்லாம் அந்த இயந்திரம் தகரக் கொட்டகையிலோ, மோட்டார் அறையிலோ, மாடிப்படிக்கு அடியிலோ சும்மா கிடக்கிறது. தை பிறந்து மழை ஓய்ந்து புல் காய்ந்த பிறகு ஆனி வரை அதை யாரும் தொடுவதில்லை. புல்வெட்டிகளில் பெரும்பாலானவை வேலை செய்து தேய்ந்து போவதில்லை. வேலையில்லாமல் கிடந்துதான் கெடுகின்றன. ஆகவே வாங்கும்போது கேட்கவேண்டிய முதல் கேள்வி, ‘இது எவ்வளவு வெட்டும்?’ என்பது இல்லை. ‘ஆறு மாதம் சும்மா கிடந்தால் இதற்கு என்ன ஆகும்?’ என்பதே. பெட்ரோல், பேட்டரி, ஒயர், கையால் தள்ளுவது என்ற நான்கு வகைக்கும் இந்தக் கேள்விக்கு நான்கு வெவ்வேறு பதில்கள் உண்டு. பராமரிப்பு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதியும் அந்தப் பதில்களுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

பெட்ரோல் மிஷினிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் அதிகம் கெடுவது அதுதான். அது கெடும் விதமும் சமீப ஆண்டுகளில் மாறியிருக்கிறது. நம் பங்குகளில் இன்று கிடைப்பது வெறும் பெட்ரோல் இல்லை. 20 விழுக்காடு எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமானது. 2030-க்கு என்று முதலில் வைத்திருந்த அந்த இலக்கை முன்னே இழுத்து 2025-லேயே நாடு எட்டிவிட்டது. கார்களுக்கும் பைக்குகளுக்கும் அதனால் நன்மையா தீமையா என்ற விவாதம் தனி. சிறிய எஞ்சின்களுக்கு அது கொண்டுவரும் சிக்கல் தெளிவானது. எத்தனாலுக்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. பாதி காலியான டேங்கில், மழைக்கால ஈரக்காற்றில், வாரக்கணக்கில் நிற்கும் பெட்ரோல் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரைச் சேர்த்துக்கொள்கிறது. ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனி அடுக்காகப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். டேங்கிலிருந்து எரிபொருளை உறிஞ்சும் குழாயின் வாயும் அடியில்தான் இருக்கிறது. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் இது இன்னும் மோசம்: நாம் அளந்து ஊற்றிய ஆயில் மேலடுக்கில் பெட்ரோலோடு மிதக்க, எஞ்சினுக்குள் போவது ஆயிலே இல்லாத கலவை. பிஸ்டன் பிடித்துக்கொள்ள அதற்குமேல் ஒன்றும் தேவையில்லை. அடுக்கு பிரியாவிட்டாலும், நின்றுபோன பெட்ரோலில் ஆவியாகக்கூடியது ஆவியாகி, மிஞ்சுவது பிசினாகி, கார்புரேட்டரின் ஊசித்துளையை அடைத்துவிடும். எத்தனாலைத் தாங்கும்படி செய்யப்படாத ரப்பர் குழாய்களும் மெல்லிய டயஃப்ரமும் உப்பிப் பின் வெடிக்கும். இதனால்தான் சிறு எஞ்சின்களுக்கான கையேடுகள் பல, எத்தனால் 10 விழுக்காட்டுக்கு மேல் வேண்டாம் என்று அச்சிட்டிருக்கின்றன. புதிதாக வாங்குகிறவர்கள் இ20-க்கு ஏற்ற மாடலா என்று கையேட்டைத் திறந்து பார்த்தபிறகு பணம் கொடுப்பது நல்லது. கடைக்காரரின் வாய்வார்த்தை இதில் போதாது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. அளவுக்கு அளவு பார்த்தால் எத்தனாலில் இருக்கும் சக்தி பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. எரிய அதற்குத் தேவைப்படும் காற்றும் குறைவு. புதிய பைக்குகளில் இருக்கும் சென்சார் அதைக் கண்டுபிடித்து எரிபொருளைச் சற்றுக் கூட்டித் தரும். புல்வெட்டியின் கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. துளை எவ்வளவோ அவ்வளவுதான் வரும். எரிபொருள் குறைந்து காற்று மிகுந்த கலவையில் எஞ்சின் வழக்கத்தைவிடச் சூடாக ஓடுகிறது. உச்சி வெயிலில், ஏர் ஃபில்டரில் தூசியும் அடைத்து, சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளில் புல்தூள் அப்பிக்கிடக்க ஓட்டினால் என்ன நடக்கும் என்பதை விளக்கவேண்டியதில்லை.

பழுது வந்தால் ஒக்கிட யார் இருக்கிறார் என்பதும் இதோடு சேர்ந்த விஷயம். ‘பெட்ரோல் மிஷின்னா நம்ம ஊர் பைக் மெக்கானிக்கே பார்த்துடுவார்’ என்ற நம்பிக்கை நேற்றுவரை சரி. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி நடைமுறைக்கு வந்தபின் புதிய பைக்குகளில் கார்புரேட்டர் ஏறத்தாழ மறைந்து, அந்த இடத்துக்கு எரிபொருளைத் தெளிக்கும் எஃப்ஐ வந்துவிட்டது. கார்புரேட்டரைக் கழற்றி, ஜெட்டை ஊதி, ஊசியின் படியை மாற்றிவைக்கும் கை இப்போது மூத்த மெக்கானிக்குகளிடமே மிச்சமிருக்கிறது. தொழிலுக்குப் புதிதாக வரும் பையனுக்கு அதில் பழக வண்டி குறைந்துகொண்டே போகிறது. ஐந்து வருடத்துக்கு ஓடவேண்டிய ஒரு சாமானை வாங்கும்போது, ஐந்தாம் வருடத்தில் அதைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் ஊரில் இருப்பாரா என்றும் யோசிக்கத்தான் வேண்டும்.

அதற்காகப் பெட்ரோலே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அதன் சும்மாயிருக்கும் காலத்துக்கு ஓர் ஒழுங்கு தேவை. அந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்கிறவர்களுக்கு அது உண்மையாகவே உழைக்கும். மார்கழிக் கடைசியில், பொங்கலுக்கு வீட்டை ஒட்டடை அடிக்கும் வாரத்திலேயே இதையும் முடித்துவிடலாம். டேங்கில் மிச்சமிருக்கும் பெட்ரோலை ஊற்றி எடுத்துவிட வேண்டும். ஆயில் கலக்காததாக இருந்தால் உடனே வண்டியில் ஊற்றிக்கொள்ளலாம். பிறகு மிஷினை ஸ்டார்ட் செய்து தானாக அணையும்வரை ஓடவிட்டால் கார்புரேட்டரில் இருப்பதும் தீர்ந்துபோகும். எஞ்சின் ஆறியபின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியே ஆயில் சில சொட்டு விட்டு, ஸ்டார்ட்டர் கயிற்றை மெதுவாக இரண்டு முறை இழுத்தால் சிலிண்டர் சுவரில் ஆயில் படலம் பரவும், துரு ஏறாது. பிளக்கைத் துடைத்து மாட்டிவிடலாம். ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சாக இருந்தால் சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். காகித ஃபில்டரைத் தட்டி எடுக்கலாம், கழுவக்கூடாது. அடுத்த ஆடியில் புதுப் பெட்ரோல் ஊற்றித்தான் தொடங்க வேண்டும். கேனில் மூன்று மாதம் நின்ற பழையதைத் தீர்த்துவிடலாம் என்ற சிக்கனம் கார்புரேட்டர் செலவில் போய் முடியும். பருவத்துக்கு நடுவிலும் ஒரு மாதத்துக்கு மேல் கலவையை வைத்திருக்கக் கூடாது. டூ-ஸ்ட்ரோக்கில் கலவை விகிதம் மிஷினுக்கு மிஷின் மாறும்: 25-க்கு 1 என்றால் லிட்டருக்கு 40 மில்லி ஆயில், 50-க்கு 1 என்றால் 20 மில்லி. ‘ஒரு மூடி ஊத்துங்க’ என்ற கணக்கு எஞ்சினைக் கொல்லும். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் கலக்கும் வேலை இல்லை, ஆனால் அடியில் இருக்கும் ஆயிலைக் கவனிக்க வேண்டும். ஹோண்டாவின் 35 சிசி வகை பிரஷ் கட்டர் எஞ்சினில் பிடிப்பதே 100 மில்லிதான். ஒரு டம்ளர்கூட வராத அந்த ஆயில் சீக்கிரம் கறுத்துவிடும். புதிதில் 10 மணி நேரத்திலும், பிறகு 50 மணி நேரத்துக்கு ஒருமுறையும் மாற்றச் சொல்கிறார்கள். நாம் போட்ட கணக்கில் ஆண்டுக்கு 24 மணி நேரம்தான் ஓடுகிறது என்றாலும், வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது.

பேட்டரிக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை என்று விளம்பரங்கள் சொல்கின்றன. பாதி உண்மை. லித்தியம் அயான் பேட்டரிக்கு எதிரி பிசினில்லை, வெப்பம். முழுச் சார்ஜோடு 40 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு கிடந்தால் அது தன் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்குவரை இழக்கக்கூடும் என்பது பேட்டரித் துறையில் பொதுவாக எடுத்துக்காட்டப்படும் அளவு. அதையே பாதிக்கும் சற்றுக் குறைந்த சார்ஜில் 25 டிகிரியில் வைத்திருந்தால் இழப்பு நூற்றுக்கு நாலைந்துதான். திருப்பத்தூரில் சித்திரை, வைகாசியில் நிழலிலேயே 40 டிகிரி சர்வசாதாரணம். தகரக் கொட்டகைக்குள் இன்னும் அதிகம். ‘எப்போ வேணும்னாலும் எடுத்து ஓட்டலாம்’ என்று முழுச் சார்ஜ் ஏற்றித் தகரத்தடியில் மாட்டிவைக்கும் பேட்டரி, ஒரு நாள்கூட வெட்டாமலே கிழடாகிறது. செய்யவேண்டியது சுலபம்: பருவம் முடிந்ததும் சார்ஜ் விளக்குகளில் பாதி எரியும் அளவில் நிறுத்தி, பேட்டரியை மட்டும் கழற்றி, வீட்டுக்குள் குளிர்ச்சியான அலமாரியில் வைத்துவிட வேண்டும். நடுவில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பார்த்து, அடியோடு இறங்கியிருந்தால் கொஞ்சம் ஏற்றலாம். வெட்டி முடித்துக் கை சுடும் சூட்டில் இருக்கும் பேட்டரியை உடனே சார்ஜில் போடக்கூடாது. இவ்வளவுதான் ஒழுங்கு. பெட்ரோலின் ஒழுங்கைவிட இது எளிது. ஆனால் தவறினால் இழப்பு பெரிது: கார்புரேட்டரைக் கழுவி மீட்கலாம், செத்த பேட்டரியை மீட்க முடியாது. புது பேட்டரியின் விலை பல மாடல்களில் மிஷின் விலையோடு போட்டி போடுகிறது. பேட்டரி தனியாக எவ்வளவு, அதே பேட்டரி அந்தக் கம்பெனியின் ஸ்ப்ரேயரிலோ மரம் அறுக்கும் ரம்பத்திலோ பொருந்துமா என்று வாங்கும் அன்றே கேட்டுவிட வேண்டும்.

சும்மா கிடப்பதைப் பற்றிக் கவலையே இல்லாதவை இரண்டு. ஒன்று, ஒயர் மாட்டி ஓட்டும் கரண்ட் மிஷின். ஓரிடத்தில் ஆறு மாதம் கிடந்தாலும் மோட்டாருக்கு ஒன்றும் ஆகாது. எலி ஒயரைக் கடிக்காமலிருந்தால் சரி. இரண்டாவது, எல்லாவற்றிலும் பழையது: கையால் தள்ளும் உருளை புல்வெட்டி. இங்கிலாந்தில் ஸ்ட்ரவுட் என்ற ஊரில் 1830-இல் எட்வின் பட்டிங் என்பவர் காப்புரிமை பெற்ற இயந்திரம் இதுதான். கம்பளித் துணியின் மேல் எழும்பி நிற்கும் நூல்களைச் சீராகக் கத்தரிக்கும் நெசவாலைக் கருவியைப் பார்த்து அவர் இதைச் செய்தார். இரு நூற்றாண்டை நெருங்கியும் அடிப்படை மாறவில்லை. சுழலும் கத்திகள் புல்லைக் கீழே உள்ள நிலைக்கத்தியோடு சேர்த்துக் கத்தரிக்கோல்போல் நறுக்கும். இரண்டு மூன்று சென்ட் புல்தரை, அதுவும் சமதரை, கல் இல்லை என்றால் இதைவிடச் சிறந்தது இல்லை என்றே சொல்வேன். வெட்டு சுத்தமாக இருக்கும், புல் நுனி பழுக்காது, எரிபொருள் கிடையாது, சத்தம் கிடையாது. புல் நான்கு விரல் தாண்டி வளர்ந்தால் இது மடங்கிப்போகும் என்பதுதான் குறை. ஏலகிரியில் வாரம் தவறாமல் வெட்டப்படும் சிறு புல்தரைகளுக்கும், டவுனில் வீட்டு முன்வாசலுக்கும் அந்தக் குறை ஒரு பொருட்டே இல்லை.

அதற்கு மேல் ஏழெட்டு சென்ட் வரை, பக்கத்தில் பிளக் இருக்கும் எந்த இடத்துக்கும், ஒயர் மிஷின்தான் என் தேர்வு. ஒயரை இழுத்துக்கொண்டு திரிவது ரோதனை என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்த ரோதனை ஓட்டும் இரண்டு மணி நேரத்தோடு முடிகிறது. பிளக்குக்கு அருகிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாக வெட்டிக்கொண்டே போனால் ஒயர் எப்போதும் வெட்டிய புல்மேல் கிடக்கும். பிளேடுக்கு முன்னால் வராது. நீட்டிப்பு ஒயர் தடிமனானதாக இருக்கட்டும். அதைச் சுருளோடு ஓட்டக் கூடாது. முழுக்க அவிழ்த்துப் போட வேண்டும், இல்லையென்றால் சுருளுக்குள் வெப்பம் தங்கி உறை உருகும். ஈரப்புல்லில் ஓட்டவே கூடாது. மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாத வீட்டில், மிஷினுக்கு முன் அதைப் பொருத்திவிட்டு மற்றதைப் பேசலாம். உயிர் சம்பந்தப்பட்டது. மின்னழுத்தம் இறங்கி ஏறும் இடங்களில் இன்னொரு எச்சரிக்கை: மோட்டார் முனகினால் உடனே நிறுத்த வேண்டும். குறைந்த அழுத்தத்தில் அது அதிகக் கரண்டை இழுத்துச் சுருளைக் கருக்கிக்கொள்ளும்.

கரண்ட் மிஷினுக்காகப் பேசுகிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் வாதம் செலவு. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1,500 வாட் மோட்டார் 24 மணி நேரம் ஓடினால் 36 யூனிட். அதே வேலைக்குப் பெட்ரோல் மிஷின் மணிக்கு முக்கால் லிட்டர் குடித்தாலும் ஆண்டுக்கு 18 லிட்டர். இன்றைய விலையில் வித்தியாசம் வருடத்துக்குச் சுமார் ஆயிரத்தைந்நூறு ரூபாய். இந்தத் தொகைக்காக ஒருவர் தன் நிலத்துக்குப் பொருந்தாத மிஷினை வாங்கவேண்டியதில்லை.

இப்போது வலுவான எதிர்வாதத்துக்கு வருவோம். ‘இதெல்லாம் வீட்டு வாசலுக்குச் சரி. மூன்று ஏக்கர் மாந்தோப்பில் ஒயரை எங்கே இழுப்பது? பேட்டரி எத்தனை நிமிஷம் தாங்கும்?’ நியாயமான கேள்வி. எண்களும் அவர்கள் பக்கமே பேசுகின்றன. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 யூனிட் வெப்பசக்தி இருக்கிறது. சிறு எஞ்சின் அதில் ஆறில் ஒரு பங்கையே வேலையாக மாற்றினாலும் ஒன்றரை யூனிட் கிடைக்கும். 36 வோல்ட், 5 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 180 வாட்-மணி, அதாவது ஒரு யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் செய்யும் வேலைக்கு அப்படி எட்டு பேட்டரிகள் வேண்டும். ஒரு லிட்டர் கேனைத் தோப்புக்குத் தூக்கிக்கொண்டு போகலாம். எட்டு பேட்டரிகளை வாங்கிச் சார்ஜ் ஏற்றித் தூக்கிப் போவது தோப்புக்காரருக்குக் கட்டுப்படியாகாது. இன்றைய நிலையில் ஏக்கர் கணக்கில் கோரை வெட்டப் பெட்ரோல் பிரஷ் கட்டர்தான் வழி. இங்கே என் வாதம் வேறொரு பக்கம் திரும்புகிறது: மூன்று ஏக்கர்காரர் அதைச் சொந்தமாக வாங்கத்தான் வேண்டுமா? அவர் தோப்புக்கு ஆண்டில் மூன்று நான்கு முறை வெட்டினால் போதும். வாடகைக்கு வெட்டும் ஆளின் மிஷினோ பருவம் முழுக்க நாள்தோறும் ஓடுகிறது. அதன் டேங்கில் பெட்ரோல் பழையதாவதற்கு நேரமே இல்லை. அதை வைத்துப் பிழைக்கிறவர் என்பதால் ஃபில்டரையும் பிளக்கையும் அவரே கவனிக்கிறார். பெட்ரோல் எஞ்சின் விரும்புவது இப்படிப்பட்ட ஓட்டத்தைத்தான். சொந்தமாக வாங்கியே தீருவேன் என்கிறவர்கள் அக்கம்பக்கத்து இரண்டு மூன்று தோப்புகளுக்கும் சேர்த்து ஓட்டும்படி பார்த்துக்கொண்டால் மிஷினுக்கும் நல்லது, போட்ட பணத்துக்கும் நல்லது.

வாடகைக்கு வெட்டுகிறவரின் காதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெட்ரோல் பிரஷ் கட்டர் காதருகே 95 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பது தொழில் சுகாதாரத் துறையினர் ஏற்கும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும் என்பது அவர்கள் கணக்கு. 97 டெசிபல் என்றால் அரைமணி நேரம்தான். காதடைப்பான் இல்லாமல் காலை முதல் மாலை வரை தோளில் மாட்டிக்கொண்டு வெட்டுகிறவர் நாற்பது வயதில் காது மந்தமாகிறார் என்றால், அது அவர் தலைவிதி கிடையாது. கூலி பேசும்போதே காதடைப்பானும் கண்ணாடியும் முழங்கால் வரை காப்பும் தோப்புக்காரர் தரட்டும். ஜவ்வாது மலையடிவாரத்து மண்ணில் கல் தெறிக்காத நாளே கிடையாது.

பிளேடைப் பற்றிச் சொல்லாமல் எந்தப் பராமரிப்புப் பேச்சும் முழுமையாகாது. எரிபொருள் எதுவானாலும் புல்லை வெட்டுவது பிளேடுதான். மழுங்கிய பிளேடு புல்லை நறுக்காமல் பிய்க்கும். மறுநாள் பார்த்தால் நுனியெல்லாம் நார்நாராய்க் கிழிந்து வெளுத்திருக்கும். வழுவழுப்பாக நறுக்கிய நுனி அப்படி வெளுக்காது. குனிந்து ஒரு புல்லைக் கிள்ளிப் பார்த்தாலே பிளேடின் நிலை தெரிந்துவிடும். சாணை பிடிக்கக் கழற்றும் முன் பெட்ரோல் மிஷினில் பிளக் கேப்பைப் பிடுங்கிவிட வேண்டும், ஒயர் மிஷினில் பிளக்கை எடுத்துவிட வேண்டும், பேட்டரி மிஷினில் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். கையால் பிளேடைத் திருப்பினாலே எஞ்சின் உயிர் பெற்றுவிடக் கூடும். தள்ளும் மிஷினைச் சாய்க்கும்போது ஏர் ஃபில்டர் மேல்பக்கம் இருக்கும்படி சாய்க்காவிட்டால் ஆயில் ஃபில்டருக்குள் இறங்கிவிடும். அடுத்த முறை வெள்ளைப் புகை. அரத்தால் இரு முனைகளையும் பழைய சாய்வு மாறாமல், இரு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் தேய்க்க வேண்டும். பிறகு சுவரில் ஓர் ஆணி அடித்து, நடு ஓட்டை வழியாகப் பிளேடை மாட்டிப் பார்க்கலாம். ஒரு பக்கம் தொங்கினால் அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டும். சமன் தவறிய பிளேடு மிஷினை உதறவைத்து, பேரிங்கையும் பிடிக்கிறவரின் மணிக்கட்டையும் சேர்த்துத் தின்னும். பிரஷ் கட்டரில் மரத்தடிக்கு நைலான் கயிறு, வரப்புக்குப் பிளேடு என்று மாற்றிக்கொள்வது வழக்கம். கயிற்றை முதல் நாளே தண்ணீரில் ஊறப்போட்டால் சீக்கிரம் ஒடியாது. ஆனால் அந்தக் கயிறும் இளம் மாங்கன்றின் பட்டையைச் சுற்றிலும் உரித்துக் கன்றைக் காயவைத்துவிடும் என்பதால், கன்றைச் சுற்றி ஒரு முழத்துக்கு இன்றும் அரிவாள்தான். வெட்டிய புல்லைத் தோப்பிலேயே மூடாக்காக விட்டுவிட்டால் தைக்குப் பிறகு ஈரம் காக்கும்.

‘கரண்டும் நிலக்கரியில் எரிந்துதானே வருகிறது, இதில் என்ன சுத்தம்?’ என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கரியமில வாயுவை மட்டும் பார்த்தால் அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு, தமிழ்நாட்டில் காற்றாலையும் சூரிய மின்சாரமும் கணிசமாகச் சேர்ந்திருந்தாலும்கூட. சிறு எஞ்சினின் பிரச்சினை வேறு. பழைய வகை டூ-ஸ்ட்ரோக் தான் குடிக்கும் எரிபொருளில் கால்பங்கு வரை எரிக்காமலே புகைக்குழாய் வழியே துப்புகிறது. கார்களில் இருக்கும் வினையூக்கி வடிகட்டியும் அதில் கிடையாது. கலிபோர்னியாவின் காற்றுவளத் துறை போட்ட கணக்கில், தொழில்முறைப் புல்வெட்டி ஒன்று ஒரு மணி நேரம் ஓடினால் வெளிவரும் புகைமூட்ட மாசு, ஒரு டொயோட்டா கேம்ரி கார் 300 மைல் ஓடுவதற்குச் சமம். அந்த மாநிலம் 2021-இல் சட்டம் இயற்றி, 2024 ஜனவரி முதல் தயாராகும் இத்தகைய புதுப் பெட்ரோல் எஞ்சின்களின் விற்பனைக்கு முடிவு கட்டியது. நம் தோப்புகளுக்கு அந்தச் சட்டத்தை அப்படியே கொண்டுவரச் சொல்வது விவசாயிக்கு இழைக்கும் அநீதியாகும். ஆனால் பள்ளி, ஆஸ்பத்திரி, அரசு அலுவலக வளாகங்களில், பத்தடிக்கு ஒரு பிளக் இருக்கும் இடத்தில், வகுப்பு நடக்கும் நேரத்தில் டூ-ஸ்ட்ரோக் புகையைக் கிளப்ப எந்தக் காரணமும் இல்லை.

மலைமேல் கதை வேறு. புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு ஆகிய ஜவ்வாது மலை நாடுகளில் புல் என்பது அப்புறப்படுத்தவேண்டிய குப்பை இல்லை. மாட்டுக்கும் ஆட்டுக்கும் தீனி. சாமைக் கொல்லையில் களை எடுக்கும் கையில் கொத்துதான் இருக்கிறது. சரிவும் பாறையுமான அந்த நிலத்தில் சக்கரம் வைத்த எந்த மிஷினும் நாலு அடி நகராது. அங்கே பெட்ரோல் பிரஷ் கட்டரை விற்க வருகிறவர்கள் சொல்லாமல் விடுவது ஒன்றுண்டு: கீழே பங்கில் வாங்கிக் கேனில் ஏற்றி வரும் பெட்ரோல், வாரக்கணக்கில் வீட்டில் நின்றபிறகே டேங்குக்குப் போகிறது. நாம் மேலே பார்த்த கேடுகள் அத்தனைக்கும் ஏற்ற சூழல் அது. தவிர, மாசி, பங்குனியில் காய்ந்த போதைப்புல்லில் சூடான சைலன்ஸர் பட்டாலோ, இரும்பு பிளேடு கல்லில் உரசிப் பொறி தெறித்தாலோ காடு பற்றிக்கொள்ளும். தீக்காலத்தில் மலையில் இரும்பு பிளேடோடு பெட்ரோல் மிஷின் ஓட்டவே கூடாது என்பேன். அந்த மாதங்களில் வெட்டவேண்டியதைக் கருக்கரிவாளே வெட்டட்டும். மழைக்காலத்தில் தீவனம் அறுக்க ஒரு மிஷின் உதவும் என்றால், தனித்தனி வீட்டுக்கு ஒன்று வாங்குவதைவிட ஒவ்வொரு மலை நாட்டுக்கும் இரண்டு போதும்.

மானியமும் இந்த வழியிலேயே போகவேண்டும். வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கம் 2014-15 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்கீழ் வேளாண்மைப் பொறியியல் துறை வழியாகச் சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி விவசாயிகளுக்கும் 50 விழுக்காடு வரை, மற்றவர்களுக்கு 40 விழுக்காடு வரை கருவிகளுக்கு மானியம் கிடைக்கிறது. மானியம் வாங்கும் நாளில் உதவுகிறது. ஆனால் வாங்கிய மூன்றாம் வருடம் கார்புரேட்டர் அடைத்துக் கிடக்கும் மிஷினுக்கு அதில் இடமில்லை. கூட்டுறவுச் சங்கங்களும் மலைவாழ் மக்களுக்கான பெரும் பல்நோக்குச் சங்கங்களும் மிஷினை வாங்கி வாடகைக்கு விடுவதே சரி. ‘பொதுச் சாமானை யார் பார்த்துக்கொள்வார்கள்?’ என்று கேட்கலாம். சம்பளம் வாங்குகிற ஒருவர் பார்த்துக்கொள்வார், அந்தச் சம்பளம் வாடகைக்குள்ளேயே இருந்தால். மணிக்கு வாங்கும் வாடகையில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கென்று தனியே ஒதுக்கி, சங்கத்தில் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து, மிஷினோடு ஒரு நோட்டைக் கட்டிவிட வேண்டும்: எந்தத் தேதி, எத்தனை மணி நேரம், ஆயில் எப்போது மாற்றியது, பிளேடு எப்போது சாணை பிடித்தது. மார்கழிக் கடைசிப் பக்கத்தில், டேங்கைக் காலி செய்தாயிற்று என்று அவர் கையெழுத்துப் போட்டால்தான் அந்த ஆண்டின் பராமரிப்புத் தொகை அவருக்கு.